விழுந்துபோன இரண்டு பூஜ்யங்கள்: துறைமுக முனையங்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் முனையம் நடத்துகிறவர்களுக்கும், கப்பல் கம்பெனிகளின் சென்னை அலுவலகங்களுக்கும், சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை வைத்து எடுக்கும் சரக்கு நிலையம்) நிர்வாகங்களுக்கும், இவர்கள் எல்லோருக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒரு டிரெய்லர் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் டாக்குமென்ட் பார்க்கிறவன் நான். சேர்ந்த புதிதில் தம்பு செட்டித் தெருவுக்கும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வேலை. இப்போது ஓட்டம் இல்லை, உட்கார்ந்த இடத்தில் டைப்பிங். ஒரே கன்டெய்னர் பெட்டியின் எண்ணை ஒரு ராத்திரியில் ஆறு இடத்தில் அடிக்கிறேன். கப்பல் கம்பெனியின் தளத்தில் ஒரு முறை, சி.எஃப்.எஸ். ஆப்பில் ஒரு முறை, எடைச் சான்றுக்கு ஒரு முறை, துறைமுகத்துக்குள் பெட்டி நுழைய வேண்டிய ஃபார்ம் 13-க்கு ஒரு முறை, எங்கள் சொந்த டிரிப் சாஃப்ட்வேரில் ஒரு முறை, கடைசியாக டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு முறை. உங்கள் ஒவ்வொருவரிடமும் நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவது மட்டும் நானும் என் பக்கத்து மேஜைப் பையனும்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த முனையம், எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட எனக்கு ஆசையில்லை, அதோடு நாளைக்கும் அதே கேட்டுக்குத்தான் வண்டி அனுப்பியாக வேண்டும்.

மணலிப் பக்கம் ஒரு யார்டில் சரக்கு ஏற்றி, சீல் வைத்து, ஏற்றுமதிப் பெட்டி ஒன்று கிளம்பியது. காலை ஆறு மணிக்குக் கட் ஆஃப், அதற்குள் பெட்டி முனையத்துக்குள் போயாக வேண்டும். மழை. எங்கள் டிரைவர் அண்ணன் ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மழையில் அது பெரிய விஷயம். திரையில் சிவப்பு எழுத்து: சீல் மிஸ்மேட்ச். அண்ணன் இறங்கிப் போய், டார்ச் அடித்து, பெட்டிக் கதவில் தொங்கும் சீலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். 0047316. பளிச்சென்று தெரிந்தது. கேட்டில் இருந்த ஊழியரிடம் காட்டினார். அவர் நல்ல மனிதர்தான். "கண்ணுக்குத் தெரியுதுண்ணே, சிஸ்டத்துக்குத் தெரியலையே" என்றாராம். அவர் சிஸ்டத்தில் இருந்தது 47316.

கப்பல் கம்பெனி எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஹெல்ப் டெஸ்க்குக்கு மெயில் போட்டேன். உங்கள் புகார் பதிவாகிவிட்டது, ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும் என்று உடனே ஒரு மெயில் வந்தது. யார்டுக்கு போன் போட்டால், "எங்க ரெக்கார்டுல சரியாத்தானே இருக்கு" என்றார்கள். உண்மை, அவர்களிடம் சரியாகத்தான் இருந்தது. கேட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மதியம் வரை நின்றது. கப்பல் போய்விட்டது, பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளியது.

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. யார்டின் சாஃப்ட்வேர் தினமும் சாயந்திரம் ஒரு ஃபைலை மெயிலில் அனுப்புகிறது. கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஆபீசில் ஒரு பெண் அதை எக்செலில் திறந்து, புக்கிங் எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, சேவ் செய்து, தங்கள் தளத்தில் ஏற்றுகிறார். எக்செல் எதைப் பார்த்தாலும் இது எண்தானே என்று முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். இரண்டு பூஜ்யம் அங்கே விழுந்தது. கம்பெனியின் சாஃப்ட்வேர் அதை அப்படியே முனையத்துக்கு அனுப்பியது. முனையத்தின் சாஃப்ட்வேர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து இரண்டும் வேறு என்றது. யார்டு சரி, அந்தப் பெண் சரி, கம்பெனி சரி, முனையம் சரி. நிற்பது மட்டும் எங்கள் வண்டி.

பேப்பர் காலத்தில் இந்த மாதிரித் தப்பு வந்தால், அடித்துவிட்டு மேலே சரியாக எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்தக் காலமே தேவலை என்று சொல்ல வரவில்லை. அப்போது ஒரு ஃபைல் காணாமல் போனால் மூன்று நாள் போகும், நானே ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் திருத்துவதற்கு ஓர் ஆள், திருத்தினால் செல்லும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது எழுதுவதை மாற்றினீர்கள், திருத்துவதை மாற்ற மறந்துவிட்டீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒத்துப்போகத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் டிரெய்லரின் நாலு மூலையிலும் லாக் இருக்கிறது. எந்த நாட்டுக் கம்பெனியின் பெட்டியை வைத்தாலும் அதன் மூலை வார்ப்பில் அந்த லாக் உட்காரும், கால்வட்டம் திருகினால் பிடித்துக்கொள்ளும். 1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அப்போது ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு மூலை. பிறகு உலகம் முழுக்க ஒரே அளவு வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தன் மூலை அமைப்பின் காப்புரிமையைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதனால்தான் 1983-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தபோது இங்கே யாரும் புது லாக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி எண்ணிலும் ஒத்துப்போயிருக்கிறீர்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒற்றை இலக்கம். இந்தக் கடைசி இலக்கம் எதற்கு என்று என்னிடம் புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் கேட்பார்கள். சி.எஸ்.க்யூ.யூ. 305438 என்று ஒரு பெட்டி என்று வையுங்கள். ஏ-க்கு 10 என்று தொடங்கி, 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட்டு ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு. சி-க்கு 13, எஸ்-க்கு 30, க்யூ-க்கு 28, யூ-க்கு 32. பிறகு முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அப்புறம் 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் இருக்க வேண்டியது 3. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை இடம் மாற்றினாலும் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் பேப்பரில் போட்டுக் காட்டுவேன், பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு.

ஆனால் நான் அடிக்கிற ஆறு இடத்தில் இரண்டு இடம் இன்றைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எதை அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். தப்பு கேட்டில் போய்த்தான் வெடிக்கும். சீல் எண்ணுக்கோ இப்படி ஒரு காவல் இலக்கமே கிடையாது. அதை ஒருவர் ஒரு முறை அடிக்க வேண்டும், மற்றவர்கள் தொடக்கூடாது. இதைச் செய்ய உங்களுக்குப் புது மென்பொருள் தேவையில்லை.

இன்னொன்று. நாற்பதடி உயரப் பெட்டியை ஒருவர் 40 ஹெச்.சி. என்கிறார், ஒருவர் 40 ஹெச்.க்யூ. என்கிறார், சர்வதேசக் குறியீட்டில் அது 45ஜி1. முதல் 4 நாற்பதடி, அடுத்த 5 ஒன்பதரை அடி உயரம். புதுப் பையன் ஒருவன் 45 என்று பார்த்ததும் நாற்பத்தைந்தடிப் பெட்டி என்று நினைத்து, "இந்த டிரெய்லர் பத்தாதுண்ணே" என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான். நான் திட்டவில்லை. மூன்று திரையில் மூன்று பெயர் போட்டால் அவன் என்ன செய்வான்?

பெயர் வேறாக இருந்தால்கூட ஒரு பட்டியல் வைத்துச் சமாளித்துவிடலாம். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கிறதே, அதுதான் எங்கள் கழுத்தை அறுக்கிறது. "ரிலீஸ்" என்ற சொல்லையே எடுங்கள். இறக்குமதிப் பெட்டி ரிலீஸ் என்று கப்பல் கம்பெனி சொன்னால், டெலிவரி ஆர்டர் (பெட்டியைக் கொடுக்கலாம் என்ற சீட்டு) கொடுத்தாகிவிட்டது, கம்பெனிக்கு வர வேண்டிய பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். கஸ்டம்ஸ் தரகர் ரிலீஸ் என்றால் சுங்கத்தில் அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை எடுத்துப் போகலாம் என்ற அனுமதி) ஆகிவிட்டது என்று அர்த்தம். சி.எஃப்.எஸ். ரிலீஸ் என்றால் கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை) கட்டியாச்சு, பெட்டியை அடுக்கிலிருந்து இறக்கி வைத்தாச்சு என்று அர்த்தம். மூன்றும் சேர்ந்தால்தான் எங்கள் வண்டி உள்ளே போய் வெளியே வர முடியும். எங்கள் ஆபீஸ் திரையில் வருவதோ ஒரே ஒரு பச்சைப் புள்ளி. யாருடைய பச்சை என்று அதில் எழுதியிருக்காது.

ஒரு முறை இரண்டு கம்பெனிகள் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்கள், எங்கள் சிஸ்டம் இரண்டும் இப்போது நேரடியாகப் பேசிக்கொள்கின்றன, நீங்கள் எதையும் அடிக்க வேண்டாம் என்று. சந்தோஷம். முதல் வாரத்திலேயே நாலு வண்டி மாதவரம் பக்கம் ஒரு யார்டு வாசலில் போய் நின்றது. கப்பல் கம்பெனியின் ரிலீசை யார்டின் ரிலீஸ் என்று அந்த இணைப்பு எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் அடுக்கில் மூன்றாவது வரிசையில் அடியில் கிடந்தன. கையால் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் யார்டுக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, பொட்டி கீழ வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை அனுப்புவேன். அந்த போன் எந்த நடைமுறைக் குறிப்பிலும் இல்லை. அதனால் இணைப்பு எழுதியவருக்கு அது தெரியவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை.

சாஃப்ட்வேர் எழுதுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இரண்டு கம்பெனியை இணைக்கும்போது திரையில் இருக்கும் கட்டங்களை மட்டும் இணைக்காதீர்கள். கட்டத்துக்கு வெளியே யார் யாருக்கு போன் போடுகிறார்கள் என்று இரண்டு ராத்திரி வந்து உட்கார்ந்து பாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இணைக்க வழியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டி கேட்டுக்குள் போனது, வெளியே வந்தது என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சொல்ல கோடெக்கோ என்று ஒரு செய்தி வடிவம் இருக்கிறது. காலிப் பெட்டியை இன்னாருக்குக் கொடு என்று சொல்ல கோபார்ன். கப்பலில் எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்று சொல்ல பேப்லி. எல்லாம் ஐக்கிய நாடுகள் சபை 1980-களில் கொண்டுவந்த எடிஃபேக்ட் குடும்பம். பெரிய கப்பல் கம்பெனிகள் சேர்ந்து 2019-இல் ஆம்ஸ்டர்டாமில் டி.சி.எஸ்.ஏ. என்று ஓர் அமைப்பு வைத்து, இந்தக் காலத்துக்கு ஏற்ற ஏ.பி.ஐ. (இரண்டு சாஃப்ட்வேர் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) வடிவங்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். 2030-க்குள் பில் ஆஃப் லேடிங்கை (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்) முழுக்க மின்னணு ஆக்கிவிடுவோம் என்று 2023-இல் அவர்கள் அறிவித்ததையும் படித்தேன். ரொம்ப நல்லது. ஆனால் அந்தக் கம்பெனிகளின் சென்னை ஏஜென்ட் ஆபீசில் இன்னமும் எக்செல்தான் ஓடுகிறது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2018-இல் துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவாக பி.சி.எஸ்.1எக்ஸ் என்ற தகவல் தளம் வந்தது. 2022 செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையோடு, பல துறைகளின் சரக்கு விவரங்களை இணைக்கும் யூலிப் தளம் வந்தது. வடசென்னைக்காரனுக்கு இதைச் சொல்ல வேறு உதாரணம் வேண்டாம். தெருவெல்லாம் குழாய் போட்டாச்சு, தண்ணி வரலைன்னா லாரிக்குத்தான் குடத்தோடு நிற்க வேண்டும். அந்த லாரி நான்.

இதே ஊரில், இதே நாட்டில் வேறு இடங்களில் நடந்திருக்கிறது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. காசிமேட்டில் மீன் விற்கிற அக்காவிடம் எந்த வங்கியின் ஆப்பிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் போகிறது. வங்கிகள் ஒன்றுக்கொன்று போட்டிதான், ஆனாலும் போகிறது. ஜி.எஸ்.டி. ஈ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் பெரிய கம்பெனிகளுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி விற்றுமுதல் உள்ளவர்கள் வரை வந்துவிட்டது. யாரும் இந்த அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரைத்தான் வாங்க வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், பில்லின் விவரத்தை இந்த வடிவத்தில் அனுப்பு என்றது. மாத்தூரில் அந்த அளவு வியாபாரம் உள்ள பட்டறைகூட அனுப்புகிறது. அங்கே முடிந்ததற்குக் காரணம் எளிது, அனுப்பாவிட்டால் அனுப்பாதவனுக்குத்தான் நஷ்டம்.

இங்கே அப்படி இல்லை. பெட்டி முனையத்துக்குள் அதிக நாள் நின்றால் டெமரேஜ் வாங்குகிறீர்கள். வெளியே அதிக நாள் நின்றால் டிடென்ஷன் வாங்குகிறீர்கள். வண்டி நின்றால்? "ஹால்டிங் அனுப்புங்க, பார்க்கலாம்" என்பீர்கள், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பில்லை. பார்த்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. சீல் எண் பொருந்தாமல் ஒரு டிரெய்லர் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் பத்து மணி நேரம் நின்றால் முனையத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை, கப்பல் கம்பெனிக்கு இல்லை, யார்டுக்கு இல்லை. டிரைவருக்குப் படி கிடையாது, அடுத்த டிரிப் போச்சு, குளிக்க இடமில்லை. எங்கள் முதலாளிக்கு வண்டித் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கு வலிக்கிறதோ அவர்களிடம் சாஃப்ட்வேர் இல்லை. சாஃப்ட்வேர் வைத்திருக்கிறவர்களுக்கு வலிக்கவில்லை. இத்தனை வருஷம் இது சரியாகாததற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அதனால் என் முதல் வேண்டுகோள் தொழில்நுட்பம் பற்றியதே இல்லை. விவரம் பொருந்தாமல் வண்டி நின்றால், எந்தக் கணக்கில் பிசகு இருந்ததோ அவர்கள் ஹால்டிங் கட்ட வேண்டும் என்று உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் பாதித் தகராறு தானாகத் தீர்ந்துவிடும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

அடுத்து, எந்த விவரத்துக்கு யார் சொந்தக்காரர் என்று முடிவு செய்யுங்கள். சீலை யார் பூட்டுகிறாரோ சீல் எண் அவருடையது. எடையை எடைமேடை சொல்ல வேண்டும். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதிப்படி 2016 ஜூலையிலிருந்து எடை சொல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பல் ஏறக்கூடாது, ஆனாலும் அந்த எடையை ஒரு தளம் கிலோவில் கேட்கிறது, இன்னொன்று டன்னில் கேட்கிறது, நான் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். கட் ஆஃப் நேரத்தை முனையம் சொல்ல வேண்டும், மாற்றினால் மாற்றிய நிமிடமே எல்லோருக்கும் போக வேண்டும். மற்றவர்கள் இதையெல்லாம் படிக்கலாம், திரும்ப அடிக்கக்கூடாது. சாயந்திரம் ஒரு தடவை மொத்தமாக ஃபைல் அனுப்புவதை விட்டுவிடுங்கள். பெட்டி அசையும்போதே செய்தி அசைய வேண்டும்.

வியாபார ரகசியம் வெளியே போய்விடும் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உங்கள் ரேட் என்ன, கஸ்டமர் யார் என்று யாருக்கு வேண்டும்? பெட்டி எண், சீல் எண், எடை, இப்போது எங்கே இருக்கிறது, யார் யார் விடுவித்துவிட்டார்கள். இவ்வளவுதான். இதில் பாதி பெட்டியின் கதவிலேயே பெயின்ட் அடித்து எழுதியிருக்கிறது.

திருப்பி அனுப்பும்போது காரணம் சொல்லுங்கள். "பிழை 107" என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு நான் யாரைக் கேட்பேன்? நீ கொடுத்த சீல் எண் இது, என்னிடம் இருப்பது இது, இதை எனக்கு அனுப்பியது இன்னார், இத்தனை மணிக்கு என்று நாலு வரி திரையில் வந்தால், நான்கு நாள் தேடியதை நான்கு நிமிடத்தில் முடித்திருப்பேன். ராத்திரியில் திருத்த அதிகாரம் உள்ள ஓர் ஆளையும் ஒவ்வொருவரும் வையுங்கள். கப்பல் ராத்திரியில் நிற்பதில்லை, கேட் ராத்திரியில் மூடுவதில்லை, ஹெல்ப் டெஸ்க் மட்டும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறது.

புது வெர்ஷன் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் மற்றவர்களுக்குச் சொல்லி, பரீட்சைக்கு நாலு பெட்டியை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சத்தமில்லாமல் மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் எங்களிடம் "உங்க சைடுல பாருங்க" என்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொரு ஆப் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். என் போனில் ஏற்கெனவே ஒன்பது இருக்கின்றன, ஒன்பதுக்கும் ஒன்பது பாஸ்வேர்டு. டிரைவர் அண்ணனுக்கோ வாட்ஸ்அப் ஒன்றுதான் பழக்கம். உங்கள் சாஃப்ட்வேர்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றோடொன்று பேசட்டும், சின்ன டிரான்ஸ்போர்ட்காரர்களும் காசு கட்டாமல் தங்கள் பெட்டியின் விவரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த ஐப்பசி ராத்திரிக்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். எந்த வண்டி எந்த நேரத்தில் எதனால் திரும்பியது, தப்பு எந்த இரண்டு சிஸ்டத்துக்கு நடுவில் நடந்தது, எத்தனை மணி நேரம் நின்றது. கம்பெனிப் பெயர்கள் அதில் இருக்கின்றன, இந்த மடலில் இல்லை. உங்களில் யாராவது உட்கார்ந்து பேச முன்வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். கூட்டம் நட்சத்திர ஓட்டலில் வேண்டாம், துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கமே எங்காவது வையுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல். அப்போதுதான் வண்டிகளும் இருக்கும், டிரைவர்களையும் கேட்கலாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து
ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் டாக்குமென்ட் கிளார்க்